அடியில் ஒரு சாண்

வாங்க அம்மணி, வாங்க. மாடி போர்ஷன் பார்க்கத்தானே வந்தீங்க? பேங்குல இருந்து ஒரு பொண்ணு வரும்னு புரோக்கர் போன் பண்ணியிருந்தாருங்க. சித்த இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து நில்லுங்க கண்ணு. அங்க வேண்டாம், அந்தப் பொம்மைக்கு நேர் கீழ வேண்டாம். ஒண்ணும் ஆகாதுங்க, கெட்டியாத்தான் இருக்குது. இருந்தாலும் இக்கட்டால வந்துருங்க. வேப்பமரத்துக்குப் பக்கத்துல சேர் போட்டிருக்கறேன் பாருங்க, அதுல உக்காருங்க. மேல இப்பத்தான் கழுவி விட்டேன். காயட்டும், அப்பறம் போயிப் பார்க்கலாம்.

வாடகையெல்லாம் புரோக்கரே சொல்லியிருப்பாரு. தண்ணிக்குப் பஞ்சமில்ல. கறி, மீன் எதுன்னாலும் ஆக்கிக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கண்டிசன் ஒண்ணே ஒண்ணுதான். அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல ஊட்டு முன்பக்கத்தைப் பாருங்க. எப்படி இருக்குது?

மரம்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. மரமில்லீங்க, சிமெண்டு. பைபர் சிமெண்ட் போர்டு. கிளாடிங்னு சொல்றாங்க. செவுத்துல இரும்புச் சட்டம் அடிச்சு, அதுக்கு மேல இந்தப் போர்டை ஸ்குரூ போட்டு மாட்டறது. ஊட்டுக்குச் சட்டை போட்டு விட்ட மாதிரின்னு வெச்சுக்குங்க. உடுமலையில இந்தப் பக்கத்து வீதியிலயே முதல்ல போட்டது நான்தான். எதுத்த ஊட்டுக்காரிக்கு அன்னைக்குப் புடிச்ச வயித்தெரிச்சல் இன்னும் தீரல.

எதுத்த ஊடு எங்க நாத்தனார்துங்க. தெய்வாத்தான்னு பேரு, எங்கூட்டுக்காரருக்குக் கூடப் பொறந்த அக்கா. திரும்பிப் பார்க்காதீங்க கண்ணு, சன்னல்லதான் நிப்பா. அவ கண்ணு ரொம்பப் பொல்லாத கண்ணு. பச்சை மரத்தைப் பார்த்தா அந்த வாரமே எலை கொட்டும். இந்த ஊட்டுக்கு வந்த கேடு அத்தனையும் அந்தக் கண்ணுல இருந்து வந்ததுதான். நான் சொல்றேன்னு நம்ப வேண்டாம். முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

போர்டு வாங்கறதுக்கு நானும் எங்கூட்டுக்காரரும் கோயமுத்தூர் போனோமுங்க. அவரு கவர்மெண்ட் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பேச்சு ரொம்பக் கம்மி. ஆமாங்கறதுக்கும் தலையைத்தான் ஆட்டுவாரு, இல்லைங்கறதுக்கும் தலையைத்தான் ஆட்டுவாரு, நம்மதான் பார்த்துக்கணும். டிப்போவுல இருந்த பழக்கம் ஒண்ணு இருக்குதுங்க அவருகிட்ட. காபி குடிச்சா டம்ளரை அவரே எடுத்துட்டுப் போயிக் கழுவி, படிக்கட்டு ஓரத்துல கவுத்தி வெச்சுட்டுத்தான் மறு வேலை. ஊட்டுல பொம்பள ஒருத்தி எதுக்கு இருக்கறேன், வெச்சுட்டுப் போங்கன்னு கண்ணாலமான நாள்ல இருந்து சொல்றேன். ஒரு நாளும் கேட்டதில்ல. பார்க்கறவங்க என்னை என்ன நெனப்பாங்க?

கடைக்காரன் இருக்கறானே, போர்டைக் காட்டுனதை விட உபதேசம் பண்ணுனதுதான் ஜாஸ்தி. படுக்கப் போட்டு மூடி வைங்க, நிக்க வெச்சாக் கோணிக்கும்ங்கறான். அறுக்கறதுன்னா வெளிய வெச்சு, தண்ணி விட்டு அறுங்க, மாஸ்க் போடாம பக்கத்துலயே நிக்காதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதுங்கறான். தரையில இருந்து ஒரு சாண் விட்டுத்தான் போர்டு ஆரம்பிக்கணுமாம். போர்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல காத்து கீழ பூந்து மேல போகணுமாம், உள்ள தண்ணி போனா வழிஞ்சு வெளிய வந்துரணுமாம். போர்டுல கனமா எதையும் மாட்டாதீங்க, மாட்டியே ஆகணும்னா பின்னால செவுத்தைப் புடிச்சு மாட்டுங்கங்கறான். நான் கலர் பார்த்துட்டு இருந்தேன். விக்கறவன் நாலும் சொல்லுவான். மிக்சி வாங்கப் போனாக்கூட உள்ள கையை உடாதீங்கன்னு சொல்லத்தானே செய்யறான்? இவருதான் பள்ளிக்கூடத்துல நிக்கற மாதிரி கையைக் கட்டிட்டுக் கேட்டுட்டு இருந்தாரு.

ஆடித் தள்ளுபடியில வாங்குனோமுங்க. வாங்கறது ஆடியில வாங்கலாம். ஆனா ஊட்டு வேலை ஆடியில ஆரம்பிக்கலாமா? ஆகாதில்ல? அதனால ஆவணி பொறக்கட்டும்னு போர்டெல்லாம் அந்த மதில் செவுத்துல சாத்தி நிக்க வெச்சுட்டேன். படுக்கப் போடுன்னு இவரு சாடை காட்டுனாரு. நல்ல காரியத்துக்கு வந்த சாமானத்தை வாசல்ல பொணமாட்டம் படுக்கப் போடுவாங்களா? போறவன் வர்றவனெல்லாம் தாண்ட மாட்டானா? நிக்கட்டும், கம்பீரமா நிக்கட்டும்னு சொல்லிட்டேன். எங்கூரு ஆடிக் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியாது, இனி பார்ப்பீங்க. காத்து ஒரு பக்கம், சாரல் ஒரு பக்கம். ஆவணியில பார்த்தா நாலஞ்சு போர்டு வில்லாட்டம் வளைஞ்சு நிக்குது. எப்படி வளைஞ்சுதுன்னு கேளுங்க. அந்த மாசம் பூரா தெய்வாத்தா அவ ஊட்டு மொட்டை மாடியில துணி காயப் போடற சாக்குல பார்த்துட்டே இருந்தா. ஒருத்தி ஊட்டுல தெனமும் அவ்வளவு துணியா இருக்கும்?

அதுல இருந்து நான் உசாராயிட்டனுங்க. இனிமே வேலை எதுவும் அவ கண்ணுக்குத் தெரியக் கூடாது, எல்லாம் மாட்டி முடிச்ச பொறகு ஒரேடியா பார்க்கட்டும்னு முடிவு பண்ணேன். போர்டையெல்லாம் ஆசாரத்துக்குள்ள, அதான் நடு ஹாலுக்குள்ள, கொண்டு வந்து, கதவு சன்னலெல்லாம் சாத்தி, உள்ள வெச்சு அறுக்கச் சொன்னேன். மாட்டறதுக்கு வந்தவன் சின்னராசுன்னு நம்ம ஆளு. தங்கமான மனுசன். எது சொன்னாலும் ‘அக்கா சொன்னாச் சரிங்க’ம்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனை வெச்சேன். நம்ம காசு குடுத்து வேலைக்கு வெச்சவன் நமக்கே புத்தி சொன்னா நல்லாவா இருக்குது? தண்ணி விட்டு அறுக்கட்டுங்களான்னு மட்டும் கேட்டான். புது டைல்ஸுடா, நாசமாயிரும், சும்மாவே அறுன்னேன். அக்கா சொன்னாச் சரிங்கன்னுட்டான்.

அன்னைக்கு அவங்கூட வேலைக்கு வர்றவன் வரல. இவருதான் போர்டைப் புடிச்சுட்டு நின்னாரு. மிஷினை முடுக்குனா ஒரே பொகை. சாமி படம், டி.வி., பீரோ, எல்லாம் வெள்ளை வெளேர்னு ஆயிப் போச்சு. ஊடு பூரா திருநீறு பூசுன மாதிரி எனக்கு அது கூட மங்களகரமாத்தான் தெரிஞ்சுது. இவரு துண்டை நனைச்சு மூக்கோட வாயோட சேர்த்துக் கட்டிட்டு நிக்கறாரு. எனக்கு மனசு பொறுக்கல. ‘நல்ல நேரம் பார்த்து ஆரம்பிச்ச வேலைக்கு ஊட்டு எசமான் கொள்ளைக்காரனாட்டம் மூஞ்சியைக் கட்டிட்டு நிக்கலாமுங்களா’ன்னேன். தலையை ஆட்டிட்டு அவுத்துட்டாரு. சொன்னாக் கேக்கற மனுசன்தான் அவரு, கெட்டவரில்ல. நானா? நான் சமையக்கட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ள வடை சுட்டுட்டு இருந்தேன். பின்ன, வேலை செய்யறவங்களுக்கு எதாவது குடுக்கணுமில்ல?

அன்னைக்குப் பொழுதோட ஆரம்பிச்சுது இவருக்கு இருமல். நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில நெஞ்சைப் படம் புடிச்சுப் பார்த்துட்டு, ‘நல்ல வேளை, பெருசா எதுவும் இல்ல. தூசிதான் ஆகலை. இனி தூசிப் பக்கம் போகாதீங்க, ஈரம் புடிச்ச ரூம்ல படுக்காதீங்க’ன்னு டாக்டரு சொன்னாரு. தூசியாம். உழவுக் காட்டுல பொறந்து வளர்ந்த மனுசனுக்குத் தூசி ஆகாதாமா? அறுத்த அன்னைக்குச் சன்னல் இடுக்கு ஒண்ணு சரியாச் சாத்தாம இருந்துதுங்க. நான் அப்பறம்தான் கவனிச்சேன். அது வழியா எதுத்த ஊடு நல்லாத் தெரியுது.

சரி, போர்டெல்லாம் மாட்டியாச்சு. வெளிய வந்து நின்னு பார்க்கறேன், கீழ ஒரு சாண் ஒசரத்துக்குச் சும்மா தொறந்து கெடக்குது. ஊட்டு நீளத்துக்கும். ஊட்டுக்குச் சட்டையைப் போட்டு விட்டுட்டு வேட்டி கட்ட மறந்துட்ட மாதிரி. இதென்ன கோலம்னு கேட்டா, காத்து போகறதுக்குங்கறாங்க. காத்து போற வழியில பாம்பு போகாதா? பெருச்சாளி போகாதா? வாசல் வழியா வந்த லட்சுமி அந்தச் சந்து வழியா எறங்கிப் போயிட்டா நான் எங்க போயித் தேடறது? செங்கல் துண்டைப் போட்டு, சிமெண்டு பூசி அடைச்சுருடான்னேன் சின்னராசை. சொன்ன மாதிரியே அடைச்சுட்டான். அதுக்கு மேல காவியும் வெள்ளையுமா நானே பட்டை அடிச்சேன், கோயில் மாதிரி அத்தனை அழகு. இவரு அன்னைக்குத்தான் வாயைத் தொறந்தாரு. ‘காத்து போகணுமாமா, பாவாயி’ன்னாரு. காத்து வேணும்னா பேனைப் போட்டுட்டு உக்காருங்கன்னேன். அதோட சரி.

தெனமும் விடிஞ்சா வாசல் தெளிக்கறேன், முன்பக்கத்தை ஓஸ் பைப் வெச்சுக் கழுவறேன். போர்டு பளபளன்னு இருக்குது. ஆனா உள்ள, இவரு படுக்கற முன் ரூம் இருக்குதுங்களே, அந்தச் செவுரு ஊறிப் போயி பெயிண்டெல்லாம் அப்பளமாட்டம் உப்பிட்டு உரியுது. ஒரே பூசண நாத்தம். புதுச் சட்டை போட்ட ஊட்டுக்குள்ள எப்படிங்க ஈரம் வரும்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். கண்ணுதான். வேற என்ன இருக்க முடியும்?

அதுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம இருக்க முடியுமா? முதல்ல எலுமிச்சம்பழம் மொளகா கட்டுனேன். கேக்கல. சங்கு கட்டுனேன். குதிரை லாடம் அடிச்சேன். கேக்கல. அப்பறம் நல்ல பெரிய பூசணிக்காயா வாங்கி, கொக்கி போட்டுத் தொங்க விட்டேன். எல்லாம் போர்டுலயேதான், எதுத்த ஊட்டுக்கு நேரா. சின்னராசு ஸ்குரூ போட்ட எடத்துல இருந்து கோழிக்கால் மாதிரி ஒரு கீறல் கெளம்புச்சு. கீறல் அசிங்கமாத் தெரியுதேன்னு அதுக்குப் பக்கத்துப் போர்டுல, இதா பாருங்க, இந்தப் பொம்மையை வாங்கி மாட்டுனேன். கீறலைப் பார்க்கற கண்ணு பொம்மையைப் பார்க்கட்டும்னுதான். சிமெண்டு பொம்மைங்க. ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்குனாங்க. நாக்கு எப்படித் தொங்குது பாருங்க. மீசை மட்டும் எங்கூட்டுக்காரரு மீசை மாதிரியே அமைஞ்சு போச்சு. அதுல அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐப்பசி மழை விடாம அடிச்ச வாரமுங்க. ஒரு நாள் சாயங்காலம் மழை நின்னு வெட்டாப்பு விட்டுது. இவரு வழக்கம் போல முன்னால சேர் போட்டு உக்காந்துட்டு காபி குடிச்சாரு. குடிச்சு முடிச்சதும் இருமிட்டே எந்திரிச்சு, டம்ளர் கழுவக் குழாய்க்குப் போனாரு. போயி குழாயைத் தொறக்கறாரு, இங்க படார்னு ஒரு சத்தம். பூசணிக்காயோட, சங்கோட, லாடத்தோட முழுப் போர்டும் பேர்ந்து வந்து சேர் மேல விழுந்துருச்சு. சேர் அப்பளமாட்டம் நொறுங்கிப் போச்சு.

நான் ஓடி வந்து பார்த்தேன் கண்ணு. இந்தப் பொம்மைதான் அன்னைக்கு அவரைக் காப்பாத்துச்சு. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இதை நான் அவருகிட்டயே சொன்னேன். அவரு சேரைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. டம்ளரைக் கழுவிக் கொண்டு வந்து படியில கவுத்தி வெச்சாரு. துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. வாசல் கேட்டுப் பக்கத்துல போயி நின்னுட்டு, ‘அடியில அடைச்சதைத் தட்டி எடு. பொம்மையைக் கழட்டு. நான் வந்தர்றேன்’னாரு. அவ்வளவு நீளமா அவரு பேசி நான் கேட்டதே இல்லீங்க. சொல்லிட்டு நேரா வீதியைத் தாண்டி அவுங்க அக்கா ஊட்டுக்குப் போயிட்டாரு.

அன்னைக்குப் போனவருதான். தீவாளி போச்சு, கார்த்திகை தீபம் போச்சு. அங்க அவருக்கு மொளகு ரசமும் தூதுவளையுமா நடக்குதாமா. இருமல் பாதி கொறைஞ்சு போச்சுன்னு பால்காரன் வந்து சொல்றான். கொறையாதா பின்ன? கண்ணு வெச்சவளே எடுத்து விட்டாக் கொறையத்தானே செய்யும்?

நான் போயிக் கூப்பிடறதா? எதுக்குங்க? நான் அந்தச் சிமெண்டைத் தட்டி எடுத்தா என்ன அர்த்தம்? தெய்வாத்தா ஜெயிச்சுட்டான்னு அர்த்தம். அவ சன்னல்ல நின்னு பார்த்துட்டு இருக்க, நான் குனிஞ்சு உக்காந்து என்ற கையால அடைச்சதை என்ற கையால எடுக்கறதா? அது மட்டும் நடக்காது. விழுந்த போர்டைக்கூடச் சின்னராசு பசை போட்டு அதே எடத்துல ஒட்டிட்டான். ஊட்டைப் பார்த்தா எதாச்சும் நடந்த மாதிரித் தெரியுதா, சொல்லுங்க?

ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மணி. ஊட்டுல சத்தமே இல்லாமப் போச்சு. அவரு இருமறப்போ, இந்த மனுசனால ஒரு பொட்டுத் தூக்கம் இல்லைன்னு திட்டிட்டுக் கெடப்பேன். இப்ப அந்த இருமல் இல்லாமத்தான் தூக்கம் வர மாட்டீங்குது. தனியாக் கெடக்கறது பெரிய கொடுமைங்க. மாடிக்கு ஆள் வெக்கலாம்னு தோணுனதே அதனாலதான். மேல யாராச்சும் நடந்தாக்கூட ஒரு தொணைதானே.

இருங்க, கண்டிசனுக்கு வர்றேன். அதுக்குத்தான் வர்றேன்.

மார்கழி பொறந்ததும் ஒரு பெருச்சாளித் தொந்தரவு ஆரம்பிச்சுது. வெள்ளென, கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே முன்பக்கம் டொக்கு டொக்குனு சத்தம். விடிஞ்சு பார்த்தா, அடியில அடைச்ச சிமெண்டு ஒரு மொழத்துக்குப் பேர்ந்து கெடக்குது. பேர்த்தெடுத்ததை ஓரமாக் குமிச்சு வேற வெச்சிருக்குது. நான் அன்னைக்கே சிமெண்டு கொழைச்சு அடைச்சுட்டேன். மறுநாள் மறுபடியும் டொக்கு டொக்கு. அது தோண்ட, நான் அடைக்க, இப்படியே போச்சு. ஒரு நாள் பொறியில மசால் வடை வெச்சேன். காலையில பார்த்தா வடையைக் காணோம். பொறியைச் சாத்தி, யாரு காலுலயும் பட்டுறக் கூடாதுன்னு மரத்தடியில நவுத்தி வெச்சிருந்துது. அப்பறம் ஒரு நாள் நல்லாக் காதைக் குடுத்துக் கேட்டேன். அது இருமுச்சுங்க. ஏண்டா, பெருச்சாளி இருமுமான்னு சின்னராசைக் கேட்டேன். அக்கா சொன்னாச் சரிங்கன்னான்.

சிரிக்காதீங்க கண்ணு. மார்கழிப் பனி எப்படின்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பனியில ஒரு சீவன் வந்து மண்ணுல உக்காந்து வேலை செய்யுதேன்னு எனக்கு மனசு கேக்கல. அது பாவமில்லையா? மறுநாள் சத்தம் கேக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு, ஒரு டம்ளர் காபியைச் சுக்குத் தட்டிப் போட்டு, மூடி படியில வெச்சுட்டு வந்து கதவைச் சாத்திப் படுத்துட்டேன். விடிஞ்சு போயிப் பார்த்தேன். டம்ளர் கழுவி, படி ஓரத்துல கவுத்தி வெச்சிருந்துது.

அந்த டம்ளரைக் கையில எடுத்துட்டு அந்தப் படியிலயே சித்த நேரம் உக்காந்துட்டேன். அதுல இருந்து அடைக்கறதை விட்டுட்டேன். பொங்கலுக்குத் தெய்வாத்தா தூக்குப் போசியில பொங்கல் குடுத்து அனுப்புனா. சுத்திப் போட்டுட்டுத்தான் தின்னேன். நல்லாத்தான் வெச்சிருந்தா. முன் ரூம்லயும் அந்த நாத்தம் முன்ன மாதிரி இல்ல, செவுரு கொஞ்சம் காஞ்சிருக்குது. தை வெயில் நல்லா அடிக்குதில்ல, அதுதான்.

இப்ப எனக்கு ஒரே ஒரு கவலை. பாருங்க, அந்தக் கோடியில இருந்து இந்தப் படிக்கட்டு வரைக்கும் தொறந்தாச்சு. பொம்மைக்கு நாலு ஸ்குரூ. அதுலயும் ரெண்டு கழண்டு சன்னல் கட்டையில உக்காந்திருக்குது. அதான் உங்களை வந்ததும் இக்கட்டால நிக்கச் சொன்னேன். இப்படியே போனா இந்த மாசத்துக்குள்ள வேலை முடிஞ்சுரும். முடிஞ்சுட்டா அது ஊட்டுக்குள்ள வருமா, இல்ல வேலைதான் முடிஞ்சுதேன்னு வராமயே இருந்துருமா? நான் யாருகிட்டன்னு கேக்க முடியும்? அதனால முந்தா நேத்துப் பொழுதோட, யாரும் பார்க்காதப்ப, கோடியில ஒரு மொழத்துக்கு மட்டும் நானே மறுபடி அடைச்சுட்டேன். ரொம்பக் கெட்டியா இல்ல, மண்ணைக் கலந்து லேசாத்தான் பூசுனேன். அதுக்கும் கை வலிக்கக் கூடாதில்ல.

சரி, மாடி காஞ்சிருக்கும், வாங்க போயிப் பார்க்கலாம். பார்த்துப் புடிச்சிருந்தா நாளைக்கே பால் காய்ச்சிக்குங்க. கண்டிசன் இதுதான் அம்மணி. நீங்க எவ்வளவு வெள்ளென எந்திரிச்சாலும் சரி, விடியற வரைக்கும் முன்பக்கத்து லைட்டை மட்டும் போட்டுறாதீங்க. வெளிச்சம் பட்டுதுன்னா அது கூச்சப்பட்டுட்டுப் பாதியிலயே எந்திரிச்சுப் போயிரும், காபி கூடக் குடிக்காம.